பிள்ளைகளுக்குத் தூண்டில் பழக்குவது: முள் கட்டுவதிலிருந்து மீன் கழுவுவது வரை

முதல் நாள் நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். தங்கை மகனுக்கு அப்போது எட்டு வயது, என் மகளுக்கு ஆறு. தை மாதக் காலை ஒன்றில் இருவரையும் வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று தூண்டில்: ஆளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் மிதந்த என் தக்கை ஆட ஆரம்பித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது பையன் தன் தூண்டிலைத் தலைக்கு மேல் வீசினான். முள் வந்து என் சட்டைக் காலரில் மாட்டியது. இரண்டு விரற்கடை தள்ளியிருந்தால் காது. அதற்குள் மகள் புழு வைத்திருந்த கொட்டாங்குச்சியைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள். என் மீனும் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரே விதிதான்: பிள்ளைக்குப் பழக்கப் போகும் நாளில் பெரியவர் கையில் தூண்டில் இருக்கக் கூடாது. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஏற்பாட்டை நம்பித்தான்.

எந்த வயதில், எந்தப் பருவத்தில்

ஐந்து வயதானால் தூண்டில் பிடிக்கலாம். அதற்கும் சின்னப் பிள்ளை என்றால் வீட்டிலேயே அண்டாத் தண்ணீரில் விளையாடட்டும். அதை எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

நான் எழுதுவது காவிரி டெல்டாவை வைத்து. ஏரி, கண்மாய்ப் பக்கம் இருப்பவர்கள் அவரவர் ஊருக்குத் தக்க மாற்றிக்கொள்ளலாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். வருஷத்துக்கு வருஷம் இது முன்னே பின்னே போகும். ஆனால் வாய்க்காலின் குணம் இந்தக் கணக்கில்தான் மாறுகிறது. புதுத் தண்ணீர் கலங்கி, குப்பையும் நுரையுமாக, வேகமாக வரும். அது பிள்ளைகளுக்கான தண்ணீர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும். தண்ணீரை நிறுத்தியபின், தை கடைசியிலிருந்து மாசி வரை, வாய்க்காலில் ஆங்காங்கே தேங்கி நிற்கும் பாருங்கள், அதுதான் பழக்குவதற்கு ஏற்ற காலம். தண்ணீர் தெளிந்து ஓட்டமில்லாமல் இருக்கும். மீனும் ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடக்கும்.

நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். மொத்தம் நாற்பது நிமிஷம் போதும். பிள்ளை "இன்னும் கொஞ்ச நேரம்பா" என்று கெஞ்சும்போதே கிளம்பிவிட வேண்டும். "வீட்டுக்குப் போலாம்" என்று அது சிணுங்கும்வரை உட்கார வைத்தால் அடுத்த வாரம் வராது.

இடம் பார்ப்பது

இதற்குத் தனியாக ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நின்று இடம் தேடக் கூடாது.

மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து அரித்த பள்ளத்தில் மீன் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளையே முக்கும் ஆழம் அங்கேதான் இருக்கும். பிள்ளைக்கு அங்கே வேலையில்லை. குளம், ஏரி என்றால் கோடையில் வற்றிக் கிடக்கும்போதே ஒரு நடை நடந்து பார்த்துவிடுங்கள். வண்டல் அள்ளிய குழிகள் மழைக்குப் பிறகு வெளியே தெரியாது. கரையிலிருந்து இரண்டு எட்டு வரை முழங்கால் ஆழம், மூன்றாவது எட்டில் ஆள் ஆழம் என்ற மாதிரி இடங்கள் நிறைய உண்டு. படித்துறையும் பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைசிப் படிகளில் பாசி வழுக்கும். மேடான, செடி அதிகமில்லாத, சரிவு குறைந்த மண்கரைதான் நல்லது. தலைக்கு மேலே பாருங்கள்: மின்கம்பி போகும் இடமானால் வேறு இடம் தேடுங்கள். நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும். கடையில் விற்கும் கார்பன் கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், அந்தத் தண்ணீர் யாருடையது என்று கேட்க வேண்டும். ஊர்க்குளங்களை மீன்பாசி குத்தகைக்கு, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் குத்தகைக்கு, விட்டிருப்பார்கள். குத்தகைக்காரர் காசு போட்டுக் கட்லா, ரோகு, மிர்கால் என்ற பெரிய கெண்டை வகைகளின் குஞ்சு விட்டு வளர்ப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு என்றால் யாரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. எங்கள் ஊரில் கேட்டபோது, "ஜிலேபிய எவ்வளவு வேணாலும் புடிச்சுக்கங்க தம்பி, கெண்டக் குஞ்சு மாட்டுனா மட்டும் விட்டுடுங்க" என்றார். ஜிலேபி என்கிற திலாப்பியா மீன் அவர் போடும் தீவனத்தைத் தின்றுவிட்டு ஏகமாகப் பெருகும். அது குறைந்தால் அவருக்கும் லாபம்தான். இந்தப் பேச்சு நடக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். கோயில் குளம் மட்டும் வேண்டாம். அங்கே மீனுக்குப் பொரி போட வருபவர்கள் நடுவில் தூண்டிலோடு உட்கார முடியாது.

தூண்டில் கட்டுவது

கடையில் சுழல் வைத்த கழி வாங்கிக் கொடுக்கும் ஆசை வரும். முதல் வருஷம் வேண்டாம். சிக்கெடுப்பதிலேயே காலை போய்விடும், மீனைப் பற்றி எதுவும் தெரியாது.

கழிக்கு, காய்ந்த மெல்லிய மூங்கில் கொப்பு. பச்சை மூங்கில் கனக்கும். ஐந்து, ஆறு வயதுக்கு நாலரை அடி, எட்டு, ஒன்பது வயதுக்கு ஆறு அடி. நுனி வளைய வேண்டும், அடி பிள்ளையின் கைக்குள் அடங்க வேண்டும். கணுக்களைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இல்லாவிட்டால் முதல் ரத்தம் மூங்கில் சிராயால்தான் வரும்.

நரம்புக்கு, அதாவது முள் கட்டும் இழைக்கு, தங்கூஸ் என்ற நைலான், மெல்லியது. நீளம் கழியின் நீளம்தான், ஒரு சாண்கூட அதிகம் வேண்டாம். கழியை நேராக நிமிர்த்தினால் முள் அப்படியே பிள்ளையின் கைக்கு வர வேண்டும். நரம்பு நீண்டால் முள் எங்கே தொங்குகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. மேலே சொன்ன காலர் கதைக்கு இதுவும் ஒரு காரணம்.

முள்ளை எண் சொல்லித்தான் கேட்பார்கள். எண் கூடக்கூட முள் சின்னதாகும். 10 அல்லது 12 வாங்குங்கள். சின்ன முள்ளில் பெரிய மீனும் மாட்டும், பெரிய முள்ளில் சின்ன மீன் மாட்டாது. பிள்ளைக்கு வேண்டியது அடிக்கடி மாட்டுகிற சின்ன மீன். வாங்கி வந்ததும் குறடு எடுத்து, முள்ளின் உள்பக்கம் எதிர்த்து நிற்கிற அந்தச் சின்னக் கொடுக்கை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். பத்தில் இரண்டு மீன் நழுவும். போகட்டும். விரலில் ஏறினால் வந்த வழியே திரும்பி வந்துவிடும்.

முடிச்சு: நரம்பின் நுனியை முள்ளின் காதில் விட்டு நாலு விரற்கடை வெளியே இழுங்கள். அந்த நுனியை நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றுங்கள். காதுக்கு ஒட்டினாற்போல் ஒரு சின்ன வளையம் நிற்கும், நுனியை அதற்குள் நுழையுங்கள். எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் நரம்பு சூடேறிப் பலம் குறையும். எட்டு வயதுப் பிள்ளை இதைக் கற்றுக்கொள்ளும். முதலில் சணல் கயிறும் சாவி வளையமும் கொடுத்துப் பழக்குங்கள்.

தக்கைக்கு நெட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய ரப்பர் செருப்பிலிருந்து சுண்டுவிரல் அளவு ஒரு துண்டு வெட்டுங்கள். தெர்மாகோல் உதிர்ந்து தண்ணீரில் மிதக்கும், வேண்டாம். தக்கையின் தலையில் சிவப்பு நகப்பூச்சு தடவினால் தூரத்திலிருந்தும் தெரியும். முள்ளுக்கு நாலு விரற்கடை மேலே கனம் வேண்டும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து அமுக்குவது எங்கள் காலத்துப் பழக்கம். ஈயம் பிள்ளைகளின் உடம்புக்கு ஆகாது. ஒரு சின்ன இரும்பு நட்டைக் கோத்து முடிந்துவிட்டால் வேலை தீர்ந்தது.

அண்டாவில் ஒரு வாரம்

வாய்க்காலுக்குப் போகும் முன் வீட்டுக் கொல்லையில் இதைச் செய்யுங்கள். ஓர் அண்டாவில் தண்ணீர் நிரப்பி அடியில் கைப்பிடி உள்ள படிக்கல் ஒன்றை வையுங்கள். தக்கையின் அடியில் நீளமான நூல் கட்டி, அதைப் படிக்கல்லின் கைப்பிடிக்குள் நுழைத்து, அண்டாவின் மறு விளிம்பு வழியாக வெளியே எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நூலை இழுத்தால் தக்கை முங்கும். பிள்ளை முள்ளில்லாத தூண்டிலோடு எதிரே உட்கார்ந்து தக்கையைப் பார்க்கட்டும்.

இப்போது நீங்கள்தான் மீன். மெதுவாக இரண்டு நடுக்கம் கொடுங்கள், சும்மா இருங்கள், பிறகு ஒரே இழுப்பாக முக்குங்கள். முழுதாக முங்கியபின் "ஒண்ணு" என்று மனதுக்குள் எண்ணி, மணிக்கட்டால் மட்டும் ஒரு சுண்டு. தோளைத் தூக்கக் கூடாது, கழி தலைக்கு மேல் போகக் கூடாது. ஒரு வாரம் தினம் பத்து நிமிஷம் செய்தால் கை பழகிவிடும். நடுக்கத்துக்கே சுண்டிவிடும் அவசரக்காரப் பிள்ளைகளுக்கு இதுதான் மருந்து. என் மகள் நூலை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, "நான் மீனு, நீ புடிப்பா" என்றாள். அன்றைக்கு ஐந்தில் மூன்று தடவை நான் தப்பவிட்டேன்.

இரை

மண்புழுவுக்கு மிஞ்சியது இல்லை. வாழையடி ஈரம், கிணற்றடி வடிகால், சாணக்குப்பை ஓரம். மண்ணைக் களைக்கொத்தால் புரட்டுங்கள். வெறுங்கையை விட்டுத் துழாவ விடாதீர்கள், தேள் இருக்கும். கொட்டாங்குச்சியில் ஈரமண் போட்டு வைத்தால் காலை வரை உயிரோடு இருக்கும். முழுப் புழு வேண்டாம், முள்ளை மூடும் அளவுக்கு ஒரு துண்டு போதும். வால் நீளமாகத் தொங்கினால் மீன் வாலை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும்.

புழுவைத் தொட அருவருக்கும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கொஞ்சம் பஞ்சு சேர்த்து உருட்டினால் தண்ணீரில் சீக்கிரம் கரையாமல் முள்ளில் நிற்கும். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் அது போதும். கெளுத்திக்குப் புழுதான். உட்காரும் இடத்தில் தவிடும் சோறும் பிசைந்த உருண்டை இரண்டைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் பொறுத்தால் சின்ன மீன்கள் கூடிவிடும்.

கரையில்

பிள்ளைகளை ஒரே வரிசையில், ஆளுக்கு ஆள் பத்தடி தள்ளி உட்கார வையுங்கள். ஒருவர் பின்னால் ஒருவர் நடக்கக் கூடாது. தலையில் தொப்பி, காலில் செருப்பு. நீங்கள் இரண்டு பேருக்கும் நடுவே, ஓர் எட்டு வைத்துக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருங்கள். பிள்ளை தண்ணீரில் விழுந்தால் சத்தம் போடும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் சத்தமே வராது. போனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு வேண்டும். பைக்குள் இருக்கட்டும். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு மிதவைச் சட்டை போடுங்கள். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இடிச் சத்தம் காதில் விழுந்தால் தக்கை முங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும்.

முதலில் ஆழம் வைப்பது. தக்கையை நரம்பில் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். தக்கை தண்ணீர் மேல் படுத்துக் கிடந்தால் கனம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், கீழே இறக்குங்கள். நிமிர்ந்து நின்றால் சரி. இரை தரைக்கு நாலு விரற்கடை மேலே தொங்கினால் போதும்.

பிறகு சும்மா இருப்பது. இங்கேதான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க விஷயம் அதிகம், ஏனென்றால் தக்கை பேசும். ஜிலேபி முதலில் கிள்ளும்: தக்கை நடுங்கும், நிற்கும், மறுபடி நடுங்கும், பிறகு பக்கவாட்டில் நகர்ந்தபடி முங்கும். சின்னக் கெண்டை டக் டக்கென்று குத்தும், பெரும்பாலும் இரையைத் திருடிவிட்டுப் போய்விடும். கெளுத்திக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது, ஒரே இழுப்பு, தக்கை காணாமல் போகும். நண்டு பிடித்தால் தக்கை ஆடாமல் அசையாமல் மெல்ல ஒரு பக்கம் நகரும், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல. ஒவ்வொரு முறை முங்கும்போதும் "இது யாரு?" என்று கேளுங்கள். இழுத்துப் பார்க்கும் முன் பிள்ளை பெயர் சொல்ல வேண்டும். இந்தப் பந்தயம் ஆரம்பித்த பிறகுதான் என் மருமகன் தக்கையைப் பார்க்கவே தொடங்கினான். அதுவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரையில் போகிற பெரியவர் யாராவது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு தூண்டி?" என்பார். மகள் அன்றைக்கு ஏழு பிடித்திருந்தாள், பையன் இரண்டு. நான் வாளியைக் காட்டினேன்.

மீன் மாட்டியதும் "இழு, இழு" என்று நீங்கள் கத்தக் கூடாது. கத்தினால் பிள்ளை வீசும். மீன் மரக்கிளையில் போய்த் தொங்கும், முள் யார் கண்ணுக்கோ போகும். கழியை மெதுவாக நிமிர்த்தி, மீனைக் கரையோடு சரித்து ஏற்றச் சொல்லுங்கள்.

எந்த மீனை எப்படிப் பிடிப்பது

கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். காய்ந்த கை மீனின் மேல் உள்ள வழவழப்பை உரித்துவிடும், திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கஷ்டம்.

ஜிலேபியின் முதுகுத் துடுப்பு முழுக்க முள். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி, முள்ளை மடக்கியபடி பிடிக்க வேண்டும். இது நம் ஊர் மீன் இல்லை, ஆப்பிரிக்காவின் மீன். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். பிடித்த ஜிலேபியின் வாயில் முட்டையோ குஞ்சோ இருந்தால் பிள்ளைக்குக் காட்டுங்கள். அன்றைக்கு வேறு பாடம் தேவையில்லை.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். மூன்றையும் விறைத்துக்கொள்ளும். பிள்ளை தொடவே கூடாது, நீங்கள்தான் கழற்ற வேண்டும்: பக்கத்து முட்களுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்து, அடிவயிற்றுப் பக்கமிருந்து. தேளி மாட்டினால் இன்னும் கவனம், அதன் முள்ளில் விஷம் உண்டு. நரம்பை வெட்டி அப்படியே வாளியில் போட்டுவிடுங்கள். குத்திவிட்டால், நீங்கள் முதலில் கைவிட்டுப் பார்த்துப் பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் பிள்ளையின் விரலை அரை மணி, முக்கால் மணி வைத்தால் கடுப்பு இறங்கும். பிறகு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பனையேறிக் கெண்டையின் செவுள் மூடியில் ரம்பம் போன்ற விளிம்பு இருக்கும், கையைக் கிழிக்கும். அதே மூடியை ஊன்றித்தான் ஈரத்தரையில் நகர்ந்து போகிறது. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் இது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதினார், 1797இல் அது அச்சாகியது. மரத்தில் ஏறுமோ என்னவோ, வாளியிலிருந்து வெளியே வந்து புல்லில் நடப்பதை என் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். வாளிக்கு மூடி வேண்டும்.

விரால் மாட்டினால் கொண்டாட்டம்தான். ஆனால் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளிக்கும் இடத்தில் தூண்டில் போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

குத்தகைக்காரரின் குஞ்சு எது என்று தெரிய வேண்டுமல்லவா? கட்லாவுக்குத் தலை பெரிது, வாய் மேலே பார்த்துத் திறந்திருக்கும். ரோகுவும் மிர்காலும் நீள உடம்பு. மூன்றுக்கும் முதுகில் ஜிலேபி போலக் குத்தும் முள் வரிசை கிடையாது. சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

முள்ளை மீன் விழுங்கிவிட்டால் குடலோடு பிடுங்க வேண்டாம். நரம்பை வெட்டுங்கள், அந்த மீன் குழம்புக்கு. முள் பிள்ளையின் விரலில் ஏறிவிட்டால், கொடுக்கை நசுக்கியிருப்பதால் வந்த வழியே எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, டிடி ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். கண்ணிலோ கண் ஓரத்திலோ என்றால் எடுக்க முயலவே கூடாது. அழுத்தாமல் ஒரு தம்ளரைக் கவிழ்த்து மூடிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

"அதுக்கு வலிக்குமாப்பா?"

எல்லாப் பிள்ளையும் கேட்கும். "வலிக்காது" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள், துடிப்பதை அது கண்ணால் பார்க்கிறது. நான் "வலிக்கும்னுதான் நினைக்கிறேன். அதனாலதான் திங்கிறத மட்டும் வெச்சுக்கிட்டு மத்தத உடனே விடுறோம்" என்றேன். மகள் அன்றைக்குப் பிடித்த எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். அடுத்த வாரம் இரண்டை வைத்துக்கொண்டாள். இதில் நீங்கள் தலையிட வேண்டியதில்லை. வைத்துக்கொள்ளும் மீனை மட்டும் வெறும் வாளியில் துள்ளவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. தலையில் ஒரே தட்டு, அதைப் பெரியவர் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கடலை தின்பதெல்லாம் அப்புறம். காலில் காயத்தோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. இறங்கிய பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் வாய்க்காலைப் பற்றியும் சொல்லுங்கள். சாக்கடை கலக்கும் குளத்து மீனைச் சமைக்காதீர்கள்.

பொடிமீனைக் கல்லில் சாம்பல் போட்டு உரசினால் செதிலும் வழவழப்பும் போய்விடும். இந்த வேலையைப் பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்யும், அரிவாள்மணையை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். குடலெடுத்து, மஞ்சளும் உப்பும் தடவி வறுக்கலாம். சின்னக் கெண்டையில் பொடிமுள் அதிகம், ஆறு வயதுக்கு ஆகாது. கெளுத்தியும் ஜிலேபியும் முள் எடுக்க வசதி. முள் எடுத்துக் கொடுப்பது நீங்கள்தான் என்றாலும், பிடித்தவர் தட்டில்தான் முதல் மீன் விழ வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

கடைசி வேலை தூண்டில். அறுந்த நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது, கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். அதையும் கொண்டுவந்து வெட்டிக் குப்பையில் போடுங்கள். நல்ல நரம்பைக் கழியில் சுற்றி, முள்ளைத் தக்கைக்குள் குத்தி, பிள்ளைக்கு எட்டாத பரண் மேல் படுக்க வையுங்கள். நாற்காலி போட்டால் எட்டுகிற இடமாகவும் இருக்கக் கூடாது. மறுநாள் விடிகாலையில் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள்.